மதுரையிலிருந்து எத்தனை மணி நேரம்?

மதுரை விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 418 கிலோமீட்டர். கொழும்புக்கு, அதாவது அந்நகருக்கு வடக்கே கட்டுநாயக்கவில் அமைந்துள்ள பண்டாரநாயக்க பன்னாட்டு விமான நிலையத்துக்கு, ஏறத்தாழ 355 கிலோமீட்டர். தன் மாநிலத்தின் தலைநகரைவிடக் கடல் கடந்த அயல்நாட்டுப் பெருநகர் அறுபது கிலோமீட்டர் அருகில் இருக்கிறது என்பதை, வைகைக் கரையில் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் நெல்வயல்களுக்கும் நடுவே அமைந்த சோழவந்தானில் பயணச்சீட்டு முகவரின் மேசைக்கு எதிரே அமர்பவர்கள் எளிதில் நம்புவதில்லை. கடவுச்சீட்டும் குடியேற்றச் சோதனையும் சுங்கமும் உள்ள ஊர் தொலைவிலும், அவை வேண்டாத ஊர் பக்கத்திலும் இருப்பதாகவே மனம் கணக்கிடுகிறது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை ரயிலும் நீராவிக் கப்பலுமாகக் கொழும்புக்குச் சென்றுவந்த தலைமுறை அத்தொலைவைப் பகல் இரவுகளாக அறிந்திருந்தது. 2012 செப்டம்பரில் மதுரையின் முதல் பன்னாட்டு விமானம் கொழும்புக்கே புறப்பட்டபோது அப்பயணம் ஒரு மணி நேரத்தை ஒட்டிய ஒன்றாகச் சுருங்கியது.

தொழிலில் வழங்கும் இத்தகைய எண்கள் பெருவட்டத் தொலைவைக் குறிப்பவை. பூமியின் நடுவழியாகச் செல்லும் ஒரு தளம் அதன் மேற்பரப்பை வெட்டும்போது உண்டாகும் வட்டம் பெருவட்டம் எனப்படும். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி அவ்வட்டத்தின் ஒரு வில்லாகவே அமையும். அவ்வில் பூமியின் நடுவில் தாங்கும் கோணத்தில் ஒவ்வொரு பாகையும் ஏறத்தாழ 111 கிலோமீட்டருக்குச் சமம். பாகையின் அறுபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு கலை, 1,852 மீட்டர் கொண்ட ஒரு கடல் மைல். வானோட்டிகள் கணக்கிடுவது இக்கடல் மைலில். மதுரைக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட கோணம் நான்கு பாகைக்குச் சற்றுக் குறைவு என்பதால் அவர்களுக்கு அது 225 கடல் மைல். கிலோமீட்டரில் பழகிய பயணிக்கு 418. பயணக்கட்டணக் கணக்கில் இன்றும் வழங்கும் 1,609 மீட்டர் மைலில் ஏறத்தாழ 260. ஒரே தொலைவுக்கு மூன்று எண்கள் இருப்பதை அறியாமல் இணையத்தில் ஒன்றையும் சீட்டில் ஒன்றையும் பார்த்துவிட்டு, சுற்றுவழியில் அழைத்துச் செல்லப்படுவதாக ஐயுறும் பயணிகள் உண்டு.

சோழவந்தான், வாடிப்பட்டி, சமயநல்லூர் போன்ற ஊர்களில் இத்தொழில் பெரும்பாலும் துணை முகவர் தொழிலாகவே தொடங்கியது. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்று, வைப்புத்தொகை கட்டி, அச்சிட்ட சீட்டுக் கட்டுகளைப் பூட்டி வைத்திருந்த முதன்மை முகவர்கள் மதுரை நகரில் இருந்தனர். சிற்றூர்த் துணை முகவர் பயணியின் பெயரையும் நாளையும் தொலைபேசியில் சொல்லி இடம் பிடித்து, நகரத்துக்குப் பேருந்தில் சென்று, சிவப்புக் கரிப்பூச்சுடைய பல தாள் கொண்ட சீட்டை வாங்கிவந்து கொடுத்துத் தம் பங்குத் தரகைப் பெற்றார். கால அட்டவணை என்பது அப்போது உலகின் எல்லா வான்தடங்களையும் பொடி எழுத்தில் அடுக்கிய, மாதந்தோறும் புதுப்பிக்கப்பட்ட தடித்த புத்தகம். முதன்மை முகவர் கழித்துப்போட்ட பழைய மாத இதழ் துணை முகவருக்குப் பாடநூலாக வந்து சேரும். அச்சிட்ட சீட்டு 2008 ஜூன் முதல் வழக்கொழிந்து மின்னணுச் சீட்டு மட்டுமே எஞ்சியபின், கணினித் திரை அந்தப் புத்தகத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆயினும், நேரங்கள் யாவும் அந்தந்த ஊரின் நேரத்திலேயே அச்சிடப்படும் என்னும் அப்புத்தகத்தின் முதல் விதி திரையிலும் மாறவில்லை. முகவர் தொழிலின் பாதி உழைப்பு அந்த ஒரு விதியைப் பயணிக்கு விளக்குவதிலேயே இன்றும் செலவாகிறது.

தொலைவு நேரடியாகப் பணமாக மாறுவது பன்னாட்டுக் கட்டணக் கணக்கில். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே சங்கம் வெளியிட்டுள்ள மைல் எண் சீட்டிட்ட இட மைல் எனவும், ஒரு கட்டணத்துக்குப் பயணி சுற்றிச் செல்ல இசைவளிக்கப்பட்ட உச்ச அளவு அனுமதிக்கப்பட்ட பெரும மைல் எனவும் வழங்கும். பெரும மைல் நேர்வழித் தொலைவைவிடப் பொதுவாக ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கும். வழியில் தொடும் ஊர்களின் மைல்களைக் கூட்டிவந்த தொகை அவ்வெல்லையைத் தாண்டினால், தாண்டிய அளவுக்கேற்ப நூற்றுக்கு 5, 10, 15, 20, 25 என ஐந்து படிகளில் கட்டணம் உயரும்; அதற்கும் மேற்பட்டால் பயணத்தை இரண்டாக உடைத்துக் கணக்கிட வேண்டும். துபாய்க்கு நேர்வழித் தொலைவு மதுரையிலிருந்து ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். கொழும்பு வழியாகச் சென்றால், முதலில் தெற்கே இறங்கி அங்கிருந்து வடமேற்கே ஏறவேண்டியிருப்பதால் அது ஏறத்தாழ 3,640 ஆகிறது. நேர்வழியைவிட நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே குறைந்த மிகுதி. சென்னை வழியாகச் சென்றால் ஏறத்தாழ 3,350. இதில் ஒரு வியப்பு உண்டு: சென்னையிலிருந்து துபாய்க்கு உள்ள நேர்த்தொலைவும் 2,930 கிலோமீட்டரை ஒட்டியதே ஆதலால், மதுரைக்காரர் சென்னைக்குப் பறந்த 418 கிலோமீட்டர் அவரைத் துபாய்க்கு இருபது கிலோமீட்டர்கூட அருகில் கொண்டுசேர்ப்பதில்லை, அவர் துபாயை நடுவாகக் கொண்ட ஒரு வட்டத்தின் விளிம்பில் நகர்ந்திருக்கிறார், அவ்வளவே. இன்றைய கட்டணங்கள் பெரும்பாலும் வழியை முன்னரே வகுத்துவிடுவதாலும், மலிவுக் கட்டண நிறுவனங்கள் இம்முறைக்கு வெளியே இயங்குவதாலும், மைல் கணக்கைக் கையால் போடத் தெரிந்த முகவர்கள் அருகிவிட்டனர். அத்திறன் மறைவது இழப்பே: சுற்றுவழிச் சீட்டு ஏன் சில நேரம் நேர்வழியைவிட மலிவாகவும் சில நேரம் அளவுமீறி விலையாகவும் வருகிறது என்பதை வேறு எந்தக் கருவியாலும் பயணிக்கு விளக்க இயலாது.

தொலைவிலிருந்து நேரத்தைப் பெறும் வழி மேற்பார்வைக்கு எளிது. ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற, மதுரைக்கு வந்துபோகும் ஒற்றை நடைபாதை ஜெட் விமானங்கள் உயரத்தில் மணிக்கு 830 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் பறப்பவை. கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து அரைமணி நேரத்தைக் கூட்டினால் அட்டவணை நேரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும் என்பது முகவர்களிடையே வழங்கும் கைக்கணக்கு. டெல்லிக்கு 2,080 கிலோமீட்டர் என்றால் மூன்று மணி ஆறு நிமிடம். மும்பைக்கு 1,170 என்றால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அட்டவணை எண்கள் இவற்றிலிருந்து பெரிதும் விலகுவதில்லை. கூட்டப்படும் அரைமணி நேரம், விமானம் நிற்குமிடத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதற்கும், மேலேறி வேகம் பிடிப்பதற்கும், மறுமுனையில் இறங்கி வரிசையில் காத்திருந்து நிறுத்துமிடத்தை அடைவதற்கும் உரியது. தொலைவு குறையக் குறைய இந்த அரைமணி நேரத்தின் பங்கு பெருகுகிறது. சென்னைப் பயணத்தில் நேரத்தின் பாதியளவு அதற்கே போய்விடுகிறது.

அட்டவணையில் காணும் நேரம் வானில் இருக்கும் நேரமன்று. சக்கரங்களுக்கு அடியில் வைத்த தடைக்கட்டைகளை எடுத்து விமானம் அசையத் தொடங்கும் கணத்திலிருந்து, சென்றடைந்த இடத்தில் மீண்டும் கட்டை வைக்கப்படும் கணம்வரை உள்ள நேரமே அது. தொழிலில் அதைப் பிளாக் டைம் என்பர். வானோட்டியின் பணி நேரமும் விமானத்தின் அடுத்த பயணமும் அதை வைத்தே வகுக்கப்படுகின்றன. ஒரே தடத்தில் இரண்டு நிறுவனங்கள் வெவ்வேறு பிளாக் டைம் காட்டுவதற்குக் காரணங்கள் பல. முதலாவது விமான வகை: சுழலிப் பொறி கொண்ட ஏ.டி.ஆர். 72 விமானம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டியே பறப்பதால், சென்னைத் தடத்தில் ஜெட் விமானத்தைவிட ஏறத்தாழக் கால்மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. கட்டணம் ஒன்றாக இருந்தாலும் இந்த வேறுபாட்டைச் சீட்டிலுள்ள விமான வகைக் குறியைப் பார்த்து முன்கூட்டிச் சொல்வது முகவரின் கடமை. இரண்டாவது, நிறுவனங்கள் தாமாகச் சேர்க்கும் இருப்பு நிமிடங்கள். குறித்த நேரத்துக்குப் பதினைந்து நிமிடத்துக்குள் சேர்ந்துவிட்டால் விமானம் நேரம் தவறாதது என்று கணக்கிடப்படுவதால், நெரிசல் மிகுந்த நிலையங்களுக்குச் செல்லும் தடங்களில் பத்துப் பதினைந்து நிமிடங்களை அட்டவணையிலேயே சேர்த்துவிடுவது உலக வழக்கம். விமானம் முன்னதாகவே தரையிறங்கிவிட்டதென்று பணியாளர் மகிழ்ந்து அறிவிக்கும்போது பயணிகள் கைதட்டுவதும் உண்டு. அந்தப் பாராட்டில் ஒரு பகுதி அட்டவணை எழுதியவருக்கு உரியது.

மூன்றாவது காரணம் காற்றும் ஓடுபாதையும். மதுரையின் ஓடுபாதை கிழக்கு மேற்காக, ஏறத்தாழ 2,285 மீட்டர் நீளத்தில் கிடக்கிறது. விமானம் எதிர்காற்றில் ஏறி எதிர்காற்றில் இறங்க வேண்டும் என்பது அடிப்படை விதி. தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து மேற்கிலிருந்து வீசும் ஆடி மாதத்தில், சென்னையிலிருந்து வடகிழக்கு வழியே வரும் விமானம் கிழக்குப் பக்கமாகவே அணுகி மேற்கு நோக்கி இறங்கிவிடலாம். வாடைக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழியில் அதே விமானம் நகரத்தைக் கடந்து மேற்கே சென்று திரும்பிக் கிழக்கு நோக்கி இறங்க நேரும். பயணி சன்னல் வழியே மதுரையைப் பார்த்தபிறகும் சில நிமிடங்கள் சுற்றுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. பேருருவ விமானங்களுக்கு ஓடுபாதையின் நீளம் போதாமையால், ஜெட்டாவுக்கோ லண்டனுக்கோ செல்பவர் சென்னை, கொழும்பு, திருச்சி, திருவனந்தபுரம் ஆகியவற்றுள் ஒன்றை நாடவேண்டியுள்ளது.

முகவரின் மேசையில் மிகுதியாகப் பேசப்படுவது துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் உள்ள வேறுபாடு. வட்டாரத்தில் பலரைக் கேட்டால் துபாய் பக்கம், சிங்கப்பூர் தூரம் என்பர். சிலர் அதை எதிர்மாறாகச் சொல்வதும் உண்டு. உண்மையில் மதுரை அவ்விரண்டுக்கும் கிட்டத்தட்ட நடுவில் அமைந்திருக்கிறது. துபாய்க்கு 2,950 கிலோமீட்டர் என்றால் சிங்கப்பூர்ச் சாங்கி விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 3,015. வேறுபாடு ஐந்து நிமிடப் பறப்பு. முதல் வழி கேரளத்தையும் அரபிக் கடலையும் கடந்து ஓமான் மேலாகச் செல்கிறது. இரண்டாவது, இலங்கையின் வடபகுதியைக் குறுக்கிட்டு, கடலைத் தாண்டி, சுமத்ராவின் வடமுனையைத் தொட்டு மலாக்கா நீரிணை வழியே இறங்குகிறது. இரண்டுக்கும் பிளாக் டைம் நான்கு மணி நேரத்தை ஒட்டியதே. ஆனால் சீட்டில் காணும் இரண்டு எண்களைக் கழித்துப் பார்ப்பவருக்குத் துபாய்ப் பயணம் இரண்டரை மணி நேரமாகவும் சிங்கப்பூர்ப் பயணம் ஆறரை மணி நேரமாகவும் தோன்றும். துபாயின் கடிகாரம் இந்தியக் கடிகாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியும், சிங்கப்பூரின் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தியும் ஓடுவதே காரணம். நண்பகல் 12 மணிக்கு மதுரையில் புறப்படும் விமானம் துபாயில் அங்குள்ள நேரப்படி 2.30-க்கு இறங்கினால் இங்கு மாலை 4 மணி ஆகியிருக்கும். சீட்டைப் படித்த தாய் இரண்டரை மணிக்கே மகனின் அழைப்பை எதிர்பார்க்கத் தொடங்கி, மூன்றரைக்குள் முகவரின் கடைக்கு ஆள் அனுப்புவது இத்தொழிலில் எவருக்கும் புதிதன்று.

எனவே அனுபவமுள்ள முகவர் கழித்தல் கணக்கைப் பயணியிடம் விடுவதில்லை. சென்றடையும் நேரத்தை முதலில் இந்திய நேரத்துக்கு மாற்றி, அதிலிருந்து புறப்பாட்டு நேரத்தைக் கழிப்பதே பிழை வராத முறை: மேற்கே சென்றால் வேறுபாட்டைக் கூட்டவும், கிழக்கே சென்றால் குறைக்கவும் வேண்டும். கொழும்புக்கு இத்தகைய கணக்கு இப்போது வேண்டியதில்லை என்றாலும், இலங்கை 1996-இல் தன் கடிகாரத்தை முதலில் ஆறரை மணி நேரத்துக்கும் பின்னர் ஆறு மணி நேரத்துக்கும் முன்தள்ளி வைத்திருந்து, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் இந்திய நேரத்துக்கு இணையான ஐந்தரைக்குத் திரும்பியது. இங்கு எண்களெல்லாம் கிரீனிச் நேரத்திலிருந்து எண்ணப்படுபவை. அக்காலத்தில் கொழும்பு வழியே சென்றோரின் பழைய சீட்டுகளைப் பார்க்கும் இளைய முகவருக்கு அவற்றின் நேரங்கள் பிழைபோலத் தோன்றக்கூடும்.

பறப்பு நேரம் போகும்போது ஒன்றாகவும் வரும்போது வேறொன்றாகவும் இருப்பதற்கு மேல்வானக் காற்று காரணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேல், 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தை மையமாகக் கொண்டு, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வன்காற்று ஓடை வீசுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று வழங்கும் இதை 1950-களில் ஆராய்ந்து உலகறியச் செய்தவர் இந்திய வானிலை ஆய்வாளர் பி. கோட்டீஸ்வரம்; அவர் பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைமை இயக்குநராகவும் பணியாற்றினார். தரையில் தென்மேற்கிலிருந்து காற்று வீசும் அதே பருவத்தில் மேலே காற்று எதிர்த்திசையில் ஓடுவது, கீழே நின்று தென்னை ஓலை சாயும் பக்கத்தைப் பார்ப்பவருக்கு விந்தையாகத் தோன்றலாம். பயணிகள் விமானங்கள் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் தாரையின் முழு வேகத்தையும் சந்திப்பதில்லை. எனினும் அதன் ஓரக் காற்று அவற்றின் மேல் படுகிறது. காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் என்று கொண்டு, அது பயணம் முழுவதும் ஒரே சீராக வீசுவதாகவும் வைத்துக்கொண்டால், 840 கிலோமீட்டர் வேக விமானம் பின்காற்றில் 900-ஆகவும் எதிர்காற்றில் 780-ஆகவும் தரையைக் கடக்கும். துபாய்த் தொலைவில் இது போக்குக்கும் வரத்துக்கும் இடையே அரைமணி நேர வேறுபாடு. உண்மையில் காற்று வழிநெடுக ஒரே அளவில் இராது. குளிர்காலத்தில் வளைகுடாவின் பக்கம் மேலைத் தாரைக்காற்று தெற்கே இறங்கிவந்து துபாய் செல்லும் விமானத்தை எதிர்கொள்வதால் கணக்கு தலைகீழாகிறது. நிறுவனங்கள் ஆண்டை இரண்டு பருவங்களாகப் பிரித்து, மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்றும் அட்டவணையை மாற்றும்போது, புறப்பாட்டு நேரம் மாறாமல் சேரும் நேரம் மட்டும் பத்து நிமிடம் தள்ளிப்போனால், அதன் பின்னே இத்தகைய பருவக் கணக்கு இருக்கக்கூடும்.

நாடுகளின் பூசலும் நேரத்தைக் கூட்டும். 2019 பிப்ரவரி முதல் ஜூலை வரை பாகிஸ்தான் தன் வான்வெளியைப் பெரும்பாலும் மூடியபோதும், 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மீண்டும் மூடியபோதும், வடஇந்திய நகரங்களிலிருந்து மேற்கே செல்லும் விமானங்கள் சுற்றிப் போகவேண்டியதாயிற்று. மதுரையின் துபாய்த் தடம் அரபிக் கடலுக்கு மேலாகச் செல்வதால் அதற்கு அந்தச் சிக்கல் இல்லை. தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டுப் பதறி வந்தவர்களுக்குச் சுவரில் மாட்டிய வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினாலே போதுமானதாக இருந்தது.

நேரம் பற்றிய குழப்பங்களுள் மிகுந்த பண இழப்பை உண்டாக்குவது நள்ளிரவு. இருபத்து நான்கு மணி நேர முறையில் 00.20 என்று அச்சிட்ட புறப்பாடு, அந்நாள் தொடங்கி இருபது நிமிடம் ஆனபோது நிகழ்வது. சென்னையிலும் திருச்சியிலும் பன்னாட்டு விமானங்கள் பல இத்தகைய வேளையில் புறப்படுபவை. செவ்வாய்க்கிழமை 00.20 என்னும் சீட்டை வைத்திருப்பவர் திங்கள் இரவே நிலையத்தில் இருக்க வேண்டும். அவரோ செவ்வாய் பகல் முழுதும் உறவினரிடம் சொல்லிக்கொண்டு, அன்றிரவு புறப்பட எண்ணியிருப்பார். இதற்கென முகவர்கள் கணினித் தாளோடு தமிழில் கையால் எழுதிய துண்டுச் சீட்டையும் இணைக்கின்றனர். அதில் விமானத்தின் நேரத்துக்கு மேலே, திங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு முன் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்றுதான் முதல் வரி இருக்கும். சேரும் நேரத்துக்கு அருகே கூட்டல் குறியும் ஒன்று என்னும் எண்ணும் இருந்தால், அது மறுநாளைக் குறிக்கும் என்பதையும், அழைத்துப்போக வருபவரிடம் மறுநாள் தேதியையே சொல்ல வேண்டும் என்பதையும் அத்துண்டுச் சீட்டே சொல்லும்.

நேரக் கணக்கில் இராகு காலத்துக்கும் இடம் உண்டு. வெள்ளிக்கிழமை முற்பகல் 10.30 முதல் 12 வரையிலும், ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரையிலும் புறப்படும் விமானங்களுக்குச் சீட்டு வேண்டாம் என்பவர் பலர். மலிவான கட்டணம் அந்த வேளையில் மட்டுமே கிடைக்கும்போது, புறப்பாடு என்பது வீட்டு வாசலைத் தாண்டும் நேரமா, விமானச் சக்கரம் நகரும் நேரமா என்னும் வழக்கு மேசைக்கு வரும். வீட்டைவிட்டு இறங்கும் நேரமே கணக்கு என்று பெரியவர்கள் பொதுவாக ஒப்புக்கொள்வர். அதிலும் நிறைவடையாதோர் நல்ல வேளையில் பெட்டியை அண்டை வீட்டில் கொண்டுபோய் வைத்துப் பரஸ்தானம் செய்துவிட்டு, விமானத்தின் வசதிப்படி பின்னர் கிளம்புவர். பிளாக் டைம் தொடங்கும் கணத்தைக் கட்டையை எடுக்கும் நிமிடமாக வரையறுத்தவர்களும் ஏறக்குறைய இதே வகைச் சிக்கலைத்தான் தீர்த்திருக்கிறார்கள்.

வீட்டு வாசலிலிருந்து வாசல்வரை எண்ணினால் வான்வழியின் மேம்பாடு பல வேளைகளில் சுருங்கிவிடும். சோழவந்தானிலிருந்து மேலக்கால், துவரிமான் வழியாக நான்குவழிச் சாலையை அடைந்து, கப்பலூரில் சுற்றுச்சாலைக்குத் திரும்பி, பெருங்குடி அருகே உள்ள நிலையத்தைச் சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மதுரைக்கு வரும் நாட்களில் நகருக்குள் நுழையாமல் இச்சுற்றுவழியை மட்டுமே நம்ப வேண்டும். வைகாசியில் சொந்த ஊரின் ஜெனகை மாரியம்மன் திருவிழா நடக்கும்போது ஊரைவிட்டு வெளியேறவே தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். உள்நாட்டுப் பயணத்துக்கே பெட்டி பதியும் முகப்பு ஒரு மணி நேரத்துக்கு முன்பு மூடப்படுவதால் அதற்கும் முன்னதாகப் போய்ச்சேர வேண்டும், அதன்பின் பறப்பு, அதன்பின் பெட்டிக்காகக் காத்திருப்பு, 2016 முதல் மீனம்பாக்கத்திலேயே கிடைக்கும் மெட்ரோ ரயிலில் நகருக்குள் செல்லும் நேரம். இவற்றையெல்லாம் கூட்டினால் சென்னைக்கு ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. 2019-இல் வந்த தேஜஸ் வண்டி மதுரையிலிருந்து எழும்பூருக்கு ஆறே கால் மணி நேரத்தை ஒட்டியும், 1977 முதல் ஓடும் வைகை விரைவு வண்டி அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் எடுத்துக்கொள்கின்றன. இரவு வண்டியோ உறங்கும் நேரத்தையே பயணமாக்கிவிடுகிறது. ஆதலால் சென்னையில் வேலை முடித்து அன்றே திரும்ப வேண்டியவருக்கும், அங்கிருந்து வேறு விமானம் பிடிப்பவருக்கும் அன்றி மற்றவர்களுக்கு விமானச் சீட்டை வலியுறுத்தாத முகவரே வாடிக்கையாளரை நெடுநாள் தக்கவைத்துக்கொள்கிறார். தரகு குறைவதை அவர் பொருட்படுத்துவதில்லை.

வேறு விமானம் பிடிப்பவரின் கணக்கு தனி வகை. ஒரு நிலையத்தில் ஒரு விமானத்திலிருந்து இறங்கி அடுத்ததில் ஏற ஒதுக்கவேண்டிய மிகக் குறைந்த இடைவெளி, குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று நிலையந்தோறும் வகுக்கப்பட்டிருக்கிறது. கணினி அதற்குக் குறைந்த இடைவெளியுள்ள விமானங்களை ஒரே சீட்டில் இணைக்க விடாது. ஒரே சீட்டில் செல்பவர் முதல் விமானம் தாமதமானதால் அடுத்ததைத் தவறவிட்டால் நிறுவனம் அவரை வேறு விமானத்தில் அனுப்பும் பொறுப்பை ஏற்கும். பணத்தை மிச்சப்படுத்தத் தனித்தனிச் சீட்டு எடுத்தவருக்கு அப்பாதுகாப்பு இல்லை. சென்னையில் உள்நாட்டு முனையத்தில் இறங்கிப் பெட்டியை எடுத்து, பன்னாட்டு முனையத்துக்கு நடந்து, மீண்டும் வரிசையில் நின்று பதிய வேண்டும். அத்தகையோருக்கு நான்கு மணி நேர இடைவெளிக்குக் குறைவாகச் சீட்டுப் போடுவது விவேகமன்று. திருச்சியில் விமானம் பிடிப்பவர் ஏறத்தாழ 140 கிலோமீட்டர் சாலைவழியே சென்றுவிடலாம். வான்வழியில் சிங்கப்பூருக்கு அங்கிருந்து மிச்சமாவது முப்பது கிலோமீட்டரே என்றாலும், விமானங்களின் எண்ணிக்கை மிகுதியாக இருப்பதே அந்நிலையத்தின் கவர்ச்சி.

மல்லிகைக்கு இந்த நேரக் கணக்கு வேறு விதமாகப் பொருந்துகிறது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி விடியற்காலையில் மொட்டாகப் பறிக்கப்பட்டு, மாலையில் மலர்வதற்குள் கைமாற வேண்டிய சரக்கு. சோழவந்தான் வெற்றிலையும் 2023-இல் அக்குறியீட்டைப் பெற்றது என்றாலும், அது சில நாள் தாங்கக்கூடியது. நண்பகலில் ஏற்றிய பூ துபாயில் இறங்கும்போது அங்கே இன்னும் பிற்பகல். அதே நேரத்தில் ஏற்றியது சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே பொழுது சாயத் தொடங்கியிருக்கும். மொட்டுக்கு இரண்டும் நான்கு மணி நேரப் பயணமே என்றாலும் வாங்குபவரின் கடை திறந்திருக்குமா என்பதை அவ்வூர்க் கடிகாரம் முடிவுசெய்கிறது. பூ அனுப்புவோர் பறப்பு நேரத்தை அதிகம் பேசுவதில்லை. சோதனைக்கும் எடைக்கும் ஏற்றுவதற்கும் தரையில் போகும் மணிநேரங்களே அவர்களுடைய ஓயாத பேச்சு.

பறப்பு நேரத்தை அரசும் அளவுகோலாகக் கொண்டிருக்கிறது. 2017-இல் முதல் விமானத்தை அனுப்பிய உடான் திட்டம், ஏறத்தாழ 500 கிலோமீட்டர் அல்லது ஒரு மணி நேரப் பறப்புக்கு 2,500 ரூபாயைச் சலுகைக் கட்டணத்தின் உச்சமாகக் கொண்டு தொடங்கியது. பெருந்தொற்றுக் கால முடக்கத்துக்குப்பின் 2020 மே 25-இல் உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறந்தபோது, நடுவண் அரசு தடங்களையெல்லாம் பறப்பு நேரப்படி நாற்பது நிமிடத்துக்கு உட்பட்டவை முதலாக ஏழு பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் கட்டணத்தின் கீழெல்லையையும் மேலெல்லையையும் விதித்தது. 2022 ஆகஸ்டு இறுதிவரை அது நடப்பில் இருந்தது. வழக்கமாகக் கடைசி நாளில் சீட்டு வாங்குபவரிடம் மும்மடங்கு கேட்கும் தொழிலில், அந்த இரண்டேகால் ஆண்டுகளில் முகவர் மேசையில் பேரம் பெரிதும் அடங்கியிருந்தது.

விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் பயணியர் உரிமை விதிகளும் பிளாக் டைம் எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இரண்டரை மணி நேரம்வரை உள்ள பயணத்தில் இரண்டு மணி நேரத் தாமதம், ஐந்து மணி நேரம்வரை உள்ளதில் மூன்று மணி நேரத் தாமதம், அதற்கும் மேற்பட்டதில் நான்கு மணி நேரத் தாமதம் என்னும் அளவை எட்டினால் பயணிக்கு உணவும் சிற்றுண்டியும் தரவேண்டும். உரிய முன்னறிவிப்பின்றி, நிறுவனத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட காரணமும் இன்றி விமானம் நீக்கப்பட்டால், ஒரு மணி நேரம்வரை உள்ள பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம்வரை 7,500, அதற்கு மேல் 10,000 என இழப்பீட்டின் உச்சம் வகுக்கப்பட்டுள்ளது. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இவற்றைவிடக் குறைவானால் அக்குறைந்த தொகையே கிடைக்கும். சென்னைத் தடம் இவ்விதியின் வரப்பின்மேல் இருக்கிறது. அட்டவணையில் சரியாக ஒரு மணி நேரம் என்று காட்டிய விமானம் முதற்படியிலும், ஒரு மணி ஐந்து நிமிடம் என்று காட்டியது இரண்டாம் படியிலும் விழுவதால், நெரிசலுக்கெனச் சேர்த்த ஐந்து நிமிடம் 2,500 ரூபாய் வேறுபாட்டை உண்டாக்க வல்லது. ஆகவே துண்டுச் சீட்டின் கடைசி வரியில், சென்னைக்குப் போகிறவராயினும், அட்டவணை காட்டும் மொத்த நிமிடங்களையும் எழுதி அதன்கீழ்க் கோடிட்டுக் கொடுக்கும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது.